மலையை மறித்த நாற்பது நிமிடம்

கடந்த நவம்பர் பத்தொன்பதாம் திகதி பகலில், இலங்கை மலையகத்தில் றொசல்லைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஏழாம் நம்பர் லயத்தை நோக்கி இறங்கிய மலையை ஐந்து பெண்கள் உள்ளங்கைகளால் நாற்பது நிமிடம் மறித்து நின்றார்கள். அதை அவர்களுக்குப் பழக்கியவன் விஜிதரன். அதே லயத்தில் பிறந்தவன். புலமைப்பரிசிலில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு இரசாயனம் படிக்கப் போனான். அங்கே அவன் உடம்பைப் பார்த்து அந்த நாட்டுப் புட்போல் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் எறிவார்கள். எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பேர் நின்று, அவன் எறிந்து முடிக்கும்வரை மூன்று நான்கு வினாடிகள் எதிரணியை மறிக்க வேண்டும். விஜிதரன் அந்த ஐவரில் ஒருவன். நான்கு வருடத்தில் அவனைத் தாண்டி ஒருவரும் போகவில்லை. காற்றும் போகவில்லை. அவனுக்குப் பின்னாலிருந்த கொடிகள் ஆட்டம் முடியும்வரை தொங்கியே கிடந்தன.

நான்காம் வருடத்தின் கடைசி ஆட்டத்தில் முழங்கால் போனது. அதன்பிறகு காற்றும் தாண்டியது, நாயும் தாண்டியது. இரண்டு வருடம் அங்கேயே உதவிப் பயிற்றுநராக இருந்து, விசா முடிந்து ஊர் திரும்பினான். சித்தப்பா ஆண்டியப்பன் விசாரித்தார்.

“எத்தன கோல் போட்ட?”

“ஒண்ணும் போடல சித்தப்பா.”

“பந்தயாவது தொட்டியா?”

“அது என் வேல இல்ல.”

“நம்ம தொரையும் அப்படித்தான். கொழுந்தத் தொடாமலே தோட்டம் நடத்துறாரு.”

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து பறிக்கும் பெண்களைச் சேர்த்துப் பழக்கினான். எதிரணி இல்லாததால் தலவாக்கலைக்குப் பஸ்ஸில் போய் அங்கேயும் ஓர் அணியை உருவாக்கினான். அதனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் வென்றான், தோற்றான். கற்றுக்கொடுத்தது கொஞ்சம்தான்: முழங்காலை மடி, உள்ளங்கையை விரி, நான் சொல்லும்வரை விடாதே. ஆனால் கொழுந்து பறிக்கையில் பக்கத்துத் தேயிலை நிரைக்காரி பின்தங்கினால் அவள் நிரையில் கை வைத்து உதவுவது மலையில் அவர்களுக்குப் பழக்கம். ஆட்டத்திலும் அப்படியே நகர்ந்தார்கள். விட்ட இடத்தில் தலவாக்கலைக்காரிகள் புகுந்தார்கள். மூன்றாம் வருடம் அவரவர் இடத்தில் நிற்கப் பழகியபோது, பனிமூட்டம் அவர்களுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. விஜிதரன் பார்த்துவிட்டு, சரி என்றான்.

நவம்பரில் மூன்று நாள் மழைக்குப்பின் லயத்துக்கு மேலே நிலம் வெடித்தது. விஜிதரன் சொன்னதும் அணியின் முன்வரிசை ஐவரும் லயத்தின் பின்புறம் வரிசையாக நின்றார்கள். மலை வந்து கைகளில் சாய்ந்தது. இருபத்திரண்டு குடும்பங்கள் பாடசாலைக்கு நடந்தன. ஐவரில் ஒருத்தியான பூரணியின் அம்மா அம்மாக்கண்ணு மட்டும் வரவில்லை. அடைகாக்கிற கோழியை எழுப்ப மாட்டேன் என்று லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்துவிட்டார். பூரணி வரிசையின் நடுவில் நின்றாள். திரும்பிப் பார்க்கவும் வழியில்லை.

“அம்மா, வெளிய வா! மலை தள்ளுது!”

“கத்தாதடி, கோழி மெரளும்.”

“விஜிதரன் சேர், நான் போயித் தூக்கிட்டு வரவா?”

“நீ விட்டா உங்கம்மாவும் இல்ல, இந்த நாலு பேரும் இல்ல. நில்லு. நான் போறேன்.”

விஜிதரன் நொண்டிக்கொண்டு உள்ளே போனான். அம்மாக்கண்ணுவைத் தோளில் போட்டு, கோழியையும் முட்டைகளையும் கூடையோடு மார்பில் அணைத்து வெளியே வந்தான். “எறக்கி விடுடா தடியா” என்று அவர் வழியெல்லாம் முதுகில் குத்தினார். ரோட்டு முடக்கைத் தாண்டியதும் அவரை இறக்கிவிட்டு, விடச் சொல்லிக் கத்தினான். பெண்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்து ஓரத்துக்கு நடந்தார்கள். பூரணி கடைசியாக எடுத்தாள். அவள் விலகும்வரை பொறுத்திருந்த மலை, பிறகு இறங்கி வெறும் லயத்தின் மேல் உட்கார்ந்தது.

மாலையில் பாடசாலை மண்டபத்தில் கணக்கப்பிள்ளை, காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் கூப்பிடுவதுபோலப் பெயர் கூப்பிட்டார். எல்லாரும் இருந்தார்கள். அம்மாக்கண்ணுவை மட்டும் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. கோழிக்கு மூலை தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை அம்மா “இருக்கேன்” என்றதைக் கேட்டதும் பூரணி சுவரில் சாய்ந்து, கைகளை மடியில் விரித்தபடி தூங்கிப்போனாள். கிராம உத்தியோகத்தர் படிவத்தில் மரணம் இல்லை என்று எழுதினார். அதற்கான காரணம் என்ற இடத்தில், சிங்களத்தில், ஐந்து பெண்கள் என்று எழுதி முத்திரை குத்தினார்.