மேட்டில் நின்ற காற்று

1

நெலிதாவின் வீட்டுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்பது அந்தக் கோடையின் முடிவில் எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. ஓடையில் தண்ணீர் இருந்தது. குழாய் எங்கும் உடையவில்லை, அடைப்பும் இல்லை. ஓடை மேலே, வீடு கீழே. கீழே ஓடுவதற்குத் தண்ணீருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவள் சமையலறையில் குழாயைத் திருகினால் நாலு சொட்டு விழும், பிறகு அதுவும் நின்றுவிடும்.

கதை பிறந்த இடம் இதுதான். எழுதச் சொன்னவளும் நெலிதாதான். "நீ கதை எழுதுறவன்தானே? எவரிஸ்தோ திரும்பி வர்ற மாதிரி ஒண்ணு எழுது" என்றாள். நான் எழுதுவது தமிழில், உன்னால் படிக்க முடியாதே என்றேன்.

"படிக்கவா கேட்டேன்? அவன் வரணும்னு கேட்டேன்."

ஆக, வாசகரே, இது வேண்டுதலுக்கு எழுதுகிற கதை. ஊரைவிட்டுப் போனவனை நான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

அர்ஜென்டினாவின் தெற்கே, மலையடிவாரத்தில், லாஸ் நால்காஸ் என்ற ஊரில் ஒரு வாரம் தங்கலாம் என்று வந்த நான்

[நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் என்று வந்து வருடக்கணக்கில் தங்கிவிட்டவர்கள் சேர்ந்ததுதான் அந்த ஊரே. நெலிதா இருபது வயதில் தோள்பையோடு வந்தவள். இப்போது எழுபது தாண்டிவிட்டது. இதில் என் வருகைக்கு என்ன சிறப்பு?]*

இரண்டாம் தொடக்கம்:

எவரிஸ்தோ மிக நல்ல மனிதன்.

[இதையும் அடித்துவிட்டேன். ரம்பம் கடன் வாங்கினால் மழுக்கித்தான் திருப்பித் தருவான். தான் குடியிருந்த பேருந்தின் கூரையில் உட்கார்ந்து ஒரே மெட்டைப் புல்லாங்குழலில் காலை முழுக்க வாசிப்பான், அதுவும் பாதி மெட்டை. கூட்டத்தில் பேச எழுந்தால் முடிப்பதற்குள் அடுப்பில் வைத்தது கரிந்துவிடும். முதல் வரைவில் அவனைச் சாதுவாக எழுதியிருந்தேன். படித்தவர்கள் உருகினார்கள். ஆனால் சாதுவான ஒருவனுக்கு நாங்கள் அதைச் செய்திருக்க மாட்டோம். எரிச்சலூட்டுகிறவன் என்பதால்தான் அவ்வளவு சுலபமாக இருந்தது.]

* என்னை அங்கே எல்லோரும் 'இந்து' என்றே கூப்பிட்டார்கள். இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் அங்கே அந்தப் பெயர்தான். என் தாத்தா நம்மூர் நாசரேத்தில், கிறிஸ்தவ தேவாலயத்தில் கோயில்பிள்ளையாக இருந்தவர் என்று சொன்னேன். "சரி இந்து, யோகா எப்ப சொல்லித்தருவ?" என்றார்கள்.

3

இப்போது குழாய். எனக்கு இதையெல்லாம் விளக்கப் பிடிக்கும், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரியாமல் மற்றது புரியாது.

ஓடையில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குழாயின் வாயை அமிழ்த்திக் கல் வைத்திருப்பார்கள். குழாய் சரிவில் இறங்கி, நடுவில் ஒரு மேட்டின் மேல் ஏறி, மறுபடி இறங்கி நெலிதாவின் சமையலறைக்குப் போகிறது. மேடு ஓடையைவிடத் தாழ்வு என்பதால் தண்ணீர் தானாகவே அதை ஏறிக் கடந்துவிடும். அந்த மேட்டின் உச்சியில்தான் எவரிஸ்தோவின் பழைய பேருந்து நின்றது. எஞ்சின் செத்துப் பல காலம். அதற்குள்தான் படுக்கை, அடுப்பு, அவன் உடைமை எல்லாம். குழாயில் அந்த இடத்தில் ஒரு கிளை பொருத்தித் தனக்குத் தண்ணீர் திறந்து மூட ஒரு திருகு வைத்திருந்தான். அதற்கு எல்லோரும் சம்மதித்திருந்தார்கள்.

எல்லோரும் என்றால் எல்லோரும்தான். அந்த ஊரில் தலைவர் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது, காவல் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து, கடைசி ஆள் தலையாட்டும்வரை பேசுவார்கள். ஒருவர் மறுத்தால்கூட அந்தக் காரியம் நடக்காது.

4

கோடை முடிவில் ஓடை வற்றி இறங்கியது. பீர் காய்ச்சுகிறவர்களுக்கான ஹாப்ஸ் கொடி அறுவடை அப்போதுதான் நடக்கும். எவரிஸ்தோ கூலிக்குப் பறிக்கப் பள்ளத்தாக்கின் மறுபக்கம் போயிருந்தான். அந்த வாரம்தான் நெலிதாவுக்குத் தண்ணீர் நின்றது.

ஹெர்னான் அவள் பக்கத்து வீட்டுக்காரன். தேன்பெட்டி வைத்திருப்பவன், அவளை அம்மாபோலப் பார்த்துக்கொள்பவன். "மேல உக்காந்துகிட்டு அவன் உறிஞ்சுறான், கீழ இவ காயுறா" என்றான். மேட்டுக்குப் போய்ப் பார்த்தோம். திருகு மூடியிருந்தது. ஊரில் இல்லாதவன் எப்படி உறிஞ்சுவான் என்று யாரோ கேட்டார்கள். "மூடி வெச்சிட்டுப் போனா சந்தேகம் வராதுன்னு தெரியும்ல அவனுக்கு" என்றான் ஹெர்னான். திறந்திருந்தால் அதுவும் சாட்சியாகியிருக்கும்.

கிளையைக் கழற்றினான். ஓட்டையிலிருந்து நெடுநேரம் 'உஸ்' என்று காற்று வந்தது. பிறகு தண்ணீர் பீய்ச்சியது. தக்கை வைத்து அடைத்தோம். அன்று மாலையே நெலிதாவின் சமையலறையில் தண்ணீர் வந்துவிட்டது.

[திறமையான கதாசிரியர் அந்தக் காற்றை உங்களிடம் மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுவார். எனக்கு அது வேண்டாம். எங்கள் எல்லோருக்கும் காதில் விழுந்தது, யாரும் கேட்கவில்லை. உங்களுக்கும் விழட்டும்.]

கிளையை எடுத்தோம், தண்ணீர் வந்தது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? அறுவடை முடித்துத் திரும்பிய எவரிஸ்தோ, கேட்டுவிட்டுக் கழற்றியிருக்கலாமே என்று மட்டும் சொன்னான். ஓடைக்குப் போய் வாளியில் தண்ணீர் சுமந்தான்.

சில நாளில் நெலிதாவின் குழாய் மறுபடி நின்றது. இந்த முறை அவன் ஊரில் இருந்தான். தக்கையைத் திருட்டுத்தனமாகப் பிடுங்குகிறான் என்று ஆயிற்று.

5

மாத்தே பற்றி ஒரு வரி சொன்னால் போதும். ஒரு சுரைக்குடுவையில் கசப்பு இலை, வெந்நீர், ஓர் உறிஞ்சுகுழல். ஒருவர் ஊற்றித் தருவார், குடித்ததும் குடுவை அவரிடமே திரும்பும், அடுத்தவருக்கு ஊற்றுவார். நாங்கள் மாத்தே குடிக்க உட்கார்ந்தால் ஊற்றுவது எப்போதும் நெலிதா.

குழாய் மறுபடி நின்ற பிறகு ஒரு நாள், நெலிதா எனக்கு ஊற்றினாள். எனக்கு அடுத்து எவரிஸ்தோ. குடுவை அவனுக்கு அடுத்த ஆளுக்குப் போனது. மறந்துவிட்டாள் என்று அவன் சிரித்தான். அடுத்த சுற்றிலும் அப்படியே போனது.

"நெலி, என்னத் தாண்டிட்ட."

அவள் இலையைக் குழலால் அமுக்கிக்கொண்டிருந்தாள். பதில் சொன்னது ஹெர்னான்:

"தண்ணி கம்மி, ஒல்லிப்பயலே. உனக்குத் தெரியாததா?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

தனிக் குவளை வைத்து மனிதரை ஒதுக்கும் நாட்டிலிருந்து வந்தவன் நான். ஒரே குவளையை வைத்துக்கொண்டும் அதைச் செய்யலாம் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

அவனை யாரும் வெளியேற்றவில்லை. வெளியேற்ற வேண்டுமானால் முடிவெடுக்கும் வட்டம் கூட வேண்டும். அவன் பேசுவான், அடுப்பில் வைத்தது கரியும், ஒருவராவது மறுப்பார். வட்டம் கூடவே இல்லை. குடுவை தாண்டிப் போனது, அவ்வளவுதான். அதை எதிர்த்து யாரிடம் முறையிடுவது? தண்டிக்க நீதிபதி இல்லாத ஊரில், குற்றமில்லை என்று சொல்லவும் நீதிபதி இல்லை.

முதல் பனி விழுவதற்கு முன் அவன் நடந்தே போனான். முந்தைய குளிர்காலத்தில் நெஞ்சுச்சளியோடு பேருந்துக்குள்ளேயே கிடந்து பிழைத்தவன். போவதற்கு வேறு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் போகிறாய் என்று

[இந்த வாக்கியத்தை முடிக்க ஆளில்லை. யாரும் கேட்கவில்லை.]

6

அவன் போன பிறகும் தண்ணீர் வரவில்லை. இப்போது குற்றம் சொல்ல ஆள் இல்லாததால், குழாயை முழுதாகப் பார்ப்போம் என்று தோன்றியது. ஓடையிலிருந்து தடவிக்கொண்டே வந்து, மேட்டில் தக்கையைப் பிடுங்கினேன். 'உஸ்' என்று காற்று. பிறகு தண்ணீர்.

அப்போது விளங்கியது. ஓடை வற்றியதால் குழாயின் வாய் பாதி வெளியே தெரிந்தது. அது தண்ணீரோடு காற்றையும் இழுத்தது. காற்று லேசானது, குழாயின் உயரமான இடத்தில் போய்த் தங்கும். அங்கே சேரச் சேரத் தண்ணீர் மேட்டைக் கடக்க முடியாமல் நிற்கும். எவரிஸ்தோ ஊரில் இருந்தபோது முகம் கழுவ, பாத்திரம் துலக்க என்று திருகைத் திறந்தான். ஒவ்வொரு முறையும் காற்று வெளியேறியது. அவன் அறுவடைக்குப் போனான், காற்று சேர்ந்தது. நாங்கள் கிளையைக் கழற்றியதும் அது வெளியேறியது. தக்கை வைத்ததும் மறுபடி சேர்ந்தது.

நெலிதாவிடம் காகிதத்தில் வரைந்து காட்டினேன். மேட்டின் உச்சியில் நான் போட்ட புள்ளியில் விரலை வைத்தாள்.

"அப்ப அவன் பல்லு வெளக்குனதுலதான் எனக்குத் தண்ணி வந்திருக்கு."

ஆமாம் என்றேன்.

"ஹெர்னான்கிட்ட சொல்லிட்டியா?"

சொல்லிவிட்டேன், கேட்டுவிட்டுத் தேன்பெட்டிக்குப் போய்விட்டான் என்றேன். அதன் பிறகுதான் கதை எழுதச் சொன்னாள்.

7

முடிவுகள்:

அ. வசந்தத்தில் எவரிஸ்தோ திரும்புகிறான். நெலிதா முதல் குடுவையை அவனுக்கு ஊற்றுகிறாள். [எழுதிப் பார்த்தேன். அவன் குடிக்கிறான், ஆனால் என்ன பேசுவான் என்று வரவில்லை. அவ்வளவு பேசுகிறவனை ஊமையாக்கித்தான் அந்தக் காட்சியை முடிக்க முடிகிறது.]

ஆ. ஒரு லாரிக்காரர் வருகிறார். வடக்கே ஒரு சந்தையில் பாதி மெட்டை மட்டும் வாசிக்கிற ஒல்லியான ஆளைப் பார்த்ததாகச் சொல்கிறார். [அந்த லாரிக்காரரின் குரலில் பேசுவது நான்தான். வேறு யாரும் வரவில்லை.]

இ. பனி உருகியபின், பாலத்தைத் தாண்டி, சாலையோரம்

[இல்லை.]

மூன்றில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நாலாவதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் எங்கே என்று எனக்குத் தெரியாது. நெலிதா கேட்டதைத் தர என்னால் முடியவில்லை. குழாய்க்கு மட்டும் வழி சொல்கிறேன், அது வேலை செய்கிறது.

குழாயின் வாயை ஓடையின் ஆழமான இடத்தில் அமிழ்த்துங்கள், கோடையிலும் அது வெளியே தெரியக் கூடாது. குழாய் மேடேறி இறங்குகிற இடத்தில், சரியாக உச்சியில், ஒரு கிளை பொருத்தித் திருகு வையுங்கள். தினமும் அதைத் திறந்து, காற்று முழுக்கப் போய்த் தண்ணீர் பீய்ச்சும்வரை காத்திருந்து மூடுங்கள். அதற்கு அந்த மேட்டில் ஒருவர் குடியிருக்க வேண்டும்.