ஏழாம் நம்பர் ஓடு

"கண்ணுச்சாமி அண்ணே, நில்லுங்க!"

சத்யப்ரியா மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். மேலே, திருநகர் வெயில் கொளுத்தும் மொட்டைமாடிக் கதவில் கை வைத்திருந்தார் சோதனைக்கூட உதவியாளர் கண்ணுச்சாமி. இடுப்பில் பிள்ளை மாதிரி ஏழாம் நம்பர் ஓடு, அதன் அடிப்பக்கத்தை மூடிய தட்டோடு.

"அரைமணி வெயில் காட்டுனா ஈரம் போயிரும் மேடம். ஆபீசர் வாரதுக்குள்ள கொண்டாந்துருவேன்."

"வத்தலா காயப்போடுறோம்? குடுங்க இங்க!"

பிடுங்கிக்கொண்டாள். விண்வெளிக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போகும் கலத்தைத் தீயிலிருந்து காக்க வேண்டிய பீங்கான் ஓடு அது. நாற்பது நாள் செயற்கை மழை, உப்புப்பனி, புழுக்கம் எல்லாம் காட்டியாயிற்று. எடை அரை கிராம் வரை கூடலாம். மற்ற ஓடுகளின் எடை அசையவில்லை. ஏழு மட்டும் ஒரு கிராம் கூடியிருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால், திரும்பும் சூட்டில் ஆவியாகி ஓடு வெடித்துவிடும். அவள் மூன்று வருடம் மல்லுக்கட்டி உருவாக்கிய மேல்பூச்சு இன்றோடு குப்பைக்கு.

அடிப்பக்கத்தைப் பார்க்கலாமென்றால் தட்டில் அரக்கு முத்திரை. அதை உடைக்கும் உரிமை ஆய்வு அதிகாரி அழகுராஜா ஒருவருக்குத்தான்.

பதினோரு மணிக்கு வந்து இறங்கினார்.

"கிளவுஸ் எங்கம்மா? விரல் பட்டாலே போச்சு. இது சயின்ஸ்!" கண்ணுச்சாமியை ஐந்தடி தள்ளி நிற்கவைத்தார்.

தராசு இரக்கம் காட்டவில்லை. ஒரு கிராம். அழகுராஜா பேனாவைத் திறந்தார்.

"சார், முத்திரைய உடைச்சு அடியில ஒருதடவ பாத்துட்டு எழுதுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

முணுமுணுத்தபடி உடைத்தார். ஓட்டைப் புரட்டினார்.

வெள்ளை வெளேரென்ற அடிப்பாகத்தில் காய்ந்த சந்தனம், தோசைக்கரண்டியால் தீட்டியதுபோல். நடுவில் குங்குமம்.

சத்யப்ரியா திரும்பினாள். "அண்ணே!"

"சத்தியமா நான் இல்ல மேடம்! ஆயுத பூஜைக்கு மெசினு, தராசு, அம்புட்டுக்கும் பொட்டு வச்சேன். சீல் வச்ச தட்ட எப்புடித் தொறப்பேன்?"

அழகுராஜா மெல்லக் கையுறையைக் கழற்றினார்.

"அன்னிக்குப் பாதிச் சோதனை பாக்க வந்தேன்ல... தராசுக்கெல்லாம் பொட்டு வச்சிருந்தாங்க. கலத்தோட மூக்குல உக்காரப்போறது இந்த ஏழாம் நம்பரு. தொறந்து பாத்துட்டு, இதுக்கு ஒண்ணுமில்லாம மறுபடி சீல் வைக்க மனசு கேக்கல." குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான்மா வச்சேன்."