பின் சக்கரம் சுடவில்லை

பிரேக்கை மிதித்தாள். லாரி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடி மிதித்தாள். அடியிலிருந்து புஸ்ஸென்று காற்றுச் சத்தம். கூடவே கருகல் நாற்றம். குறைந்த கியரில்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். என்ஜின் கழுத்தை நெரித்த மாதிரி அலறியது. ஆனாலும் பின்னால் அடுக்கியிருந்த தரை ஓடுகளின் பாரம் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல வண்டியை மலைச்சரிவில் தள்ளிக்கொண்டே இருந்தது.

முன்னால் ஒரு சின்ன கார், கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஆடி அசைந்து போனது. ஹாரனில் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை. கார்க்காரர் ஜன்னல் வழியே கையை நீட்டி, 'என்ன அவசரம்?' என்று விரலை விரித்தார்.

“யோவ், ஒதுங்குய்யா! நானா பறக்கறேன்? வண்டி பறக்குதுய்யா!”

அவருக்குக் கேட்டிருக்காது. அடுத்த வளைவு தெரிந்தது. அதற்கு அப்பால் வானம் மட்டும்தான் தெரிந்தது.

அந்த நொடியில் காலையில் கம்பெனி மெக்கானிக் அண்ணன் சொன்னது மின்னலடித்தது. 'பாதி இறக்கத்துல இடது பக்கம் ஒரு ஜல்லி மேடு இருக்கும்மா. ரோட்டை விட்டுப் பிரிஞ்சு மேல ஏறும். வண்டி கைய மீறுச்சுன்னா யோசிக்காத, அதுல ஏத்திடு.'

இருந்தது. வளைவுக்குச் சற்று முன்னால், செம்மஞ்சள் பலகையோடு, உதிரி ஜல்லி கொட்டிய ஏற்றம். ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்தாள். சக்கரங்கள் ஜல்லிக்குள் புதைந்தன. கண்ணாடியில் கல்மாரி பொழிந்தது. பின்னால் ஓடுகள் மொத்தமாக ஒரு முறை கத்தின. தண்ணீர் பாட்டில், தலையணை, ஜன்னலில் காயப்போட்டிருந்த துண்டு, கைபேசி எல்லாம் ஒன்றாகப் பறந்து முன்கண்ணாடியில் மோதின.

வண்டி நின்றது.

கார்க்காரர் நிற்கவில்லை. மெத்தையோடு வளைவில் மறைந்தார்.

அவள் உடனே இறங்கவில்லை. முதலில் கைபேசியைத் தேடி எடுத்தாள். அது முகம் நொறுங்கிச் செத்துக் கிடந்தது. “நல்ல நேரம் பாத்தே, போ” என்று அதைத் திட்டியதும்தான் தனக்குக் குரல் இருப்பதே உறைத்தது.

நீண்ட தூர லாரியில் இது அவளுக்கு முதல் பயணம். பல வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். கனரக லைசென்ஸ் வாங்க அவள் ஏறி இறங்காத படியில்லை. வாங்கி வந்த அன்று வீட்டுக்காரர், “இனிமே வீட்ல நான் ஏதாவது பேசறதா இருந்தா ஹாரன் அடிச்சுட்டுத்தான் பேசணும் போல” என்று சிரித்தார். கிளம்பிய ஊரின் லாரி யார்டில் டிரைவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஸ்கூல் வேன்'. “ஏய் ஸ்கூல் வேன், இதுல ஏறித் தலை எண்ணாத, உள்ள குழந்தைங்க இல்ல, ஓடுதான்” என்பார்கள். அவளும், “குழந்தைங்களே பரவாயில்ல, உங்களை மாதிரி கத்தாது” என்று திருப்பிக் கொடுப்பாள்.

சீட்டுக்குப் பின்னாலிருந்த பலகையில் முடங்கிப் படுப்பது, பெட்ரோல் பங்க் குழாயடியில் முகம் கழுவுவது, சரக்கு இறக்கும் கிடங்குகளில் 'டிரைவர்களுக்குக் கழிப்பறை இல்லை' என்று சொல்கிற காவலாளியை முறைத்து முறைத்தே உள்ளே போய்விட்டு வருவது எல்லாம் கிளம்பிய சில நாளிலேயே பழகிவிட்டது. அவளுக்குக் கொடுத்திருந்த வண்டியும் சொன்ன பேச்சைக் கேட்டது. பிரச்சினை நேற்று மாலை மலை உச்சியிலிருந்த கம்பெனி யார்டில்தான் ஆரம்பித்தது.

அங்கே வண்டியை மாற்றிவிட்டார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர், பழைய டிரைவர், இந்த வண்டியில் ஏறி யார்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை ஒரே ஒரு முறை மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். “எனக்கு வேணாம்.” காரணம் சொல்லவில்லை. மேனேஜரும் கேட்கவில்லை. அவளுடைய நல்ல வண்டியின் சாவியை வாங்கி மீசைக்காரரிடம் கொடுத்தார். இதன் சாவியை அவளிடம் நீட்டி, “இது நல்லா இழுக்கும்மா” என்றார்.

நல்லாத்தான் இழுத்தது. பாதாளத்துக்கு.

இப்போது கீழே இறங்கி, வண்டியைச் சுற்றி வந்தாள். முன் சக்கரங்களிலிருந்து புகை சுருண்டது. எச்சிலைத் துப்பினால் சுர்ரென்று பொரிந்தது. பின் சக்கரங்களிடம் போனாள். புகை இல்லை. பயந்து பயந்து விரலை வைத்தாள். பிறகு உள்ளங்கையையே வைத்தாள்.

சுடவில்லை. கிணற்றுச் சுவர் மாதிரி சில்லென்று இருந்தது.

இவ்வளவு தூரம் மிதித்த மிதிக்கு இந்தச் சக்கரங்கள் கொதித்திருக்க வேண்டாமா?

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜல்லியில் மல்லாந்து உள்ளே நுழைந்தாள். பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகிற ரப்பர் குழாயைக் கண்ணால் தடவிக்கொண்டே வந்தாள். கடைசியில், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், குழாயை மடக்கி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பி அறுக்காமலிருக்க அடியில் மஞ்சள் துணி சுற்றி, மேலே கிரீஸும் மண்ணும் அப்பியிருந்தார்கள். இந்தப் பக்கம் மட்டுமல்ல. அந்தப் பக்கமும் அதே கட்டு.

காற்று கசிந்திருக்கிறது. உதிரி பாகம் மாற்றினால் வண்டி யார்டில் நிற்கும். குழாயின் கழுத்தைக் கட்டிவிட்டால் கசிவு நின்றுவிடும். பின் சக்கரத்துக்கு பிரேக்கும் நின்றுவிடும். பழைய டிரைவர் கால் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவார். புதிதாக வந்தவளுக்கு அந்த பிரேக் எப்படி இருக்க வேண்டும் என்றே தெரியாது. அதனால்தான் அவள் தலையில் கட்டினார்கள்.

பயம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் கோபம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

வண்டி எங்கே நின்றாலும் ஆபீஸில் மணி அடிக்கும் கருவி ஒன்று டேஷ்போர்டுக்குள் இருந்தது. அதனால் மேனேஜரின் ஜீப் வர அதிக நேரம் ஆகவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் மெக்கானிக் அண்ணன், சாமான் பையோடு.

அண்ணனைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜல்லி மேட்டைச் சொன்ன புண்ணியவான். காலையில் அவள் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது, யார்டுக்குப் பின்னாலிருந்த கடைக்குப் போய் டீ வாங்கி வந்து கொடுத்தவர். மகள் என்ன படிக்கிறாள், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று வளர்த்துக்கொண்டே போனார். அவள் கிளாஸைக் கீழே வைத்ததும் இன்னொரு டீ வாங்கி வந்தார். அந்த யார்டில் அவளிடம் மனுஷனாகப் பேசியது அவர் ஒருவர்தான்.

மேனேஜர் வண்டியைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் சரக்கை. கடைசியாக அவளை.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கே? பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தியா? புதுசுங்க எல்லாம் இதே தப்புதான். சூடேறிப் புடிக்காமப் போயிடும்.”

“முன் சக்கரம் சூடேறிச்சு சார். பின் சக்கரம் ஏன் சூடேறல?”

மேனேஜர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பி, சாதாரணக் குரலில், “அதைப் போய்ச் சரி பண்ணு. சீக்கிரம்” என்றார்.

எதை என்று அவர் சொல்லவில்லை. மெக்கானிக்கும் கேட்கவில்லை. நேராகப் பின் சக்கரத்துக்குத்தான் போனார்.

கட்டை அவிழ்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது. முன் சக்கரம் ஆறிவிடும். குழாய் நிமிர்ந்துவிடும். 'வண்டியில் குறை இல்லை, டிரைவர் புதுசு' என்று எழுதிவிடுவார்கள். லைசென்ஸ் போகும். அதற்குப் பிறகு பள்ளிக்கூட வேனைக்கூட எவனும் நம்பிக் கொடுக்க மாட்டான்.

அவள் ஓடிப்போய் இரண்டு பின் சக்கரங்களுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொண்டாள்.

“இன்ஸ்பெக்டர் வந்து பாக்கற வரைக்கும் ஒரு கை இதுல படக்கூடாது.”

“எந்த இன்ஸ்பெக்டர்? யாரு கூப்பிட்டது?” மேனேஜர் சிரித்தார். “உன் போன்தான் ஆபீஸ்லேருந்து அடிச்சாக் கெடைக்கவே இல்லையே!”

“யாராவது வருவாங்க. ரோடு பொதுச்சொத்துதானே.”

“இதோ பாரு, பொம்பளையாச்சேன்னு பாக்கறேன்.”

“இப்ப எதுக்குப் பாக்கறீங்க? சாவியக் குடுக்கும்போது பாத்திருக்கணும்!”

“வெளிய வாம்மா. திரும்ப உன் பழைய வண்டியையே தரேன். மீசைக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“அப்ப இதை யாருக்குத் தருவீங்க? அடுத்த புதுசுக்கா?”

மேனேஜர் மெக்கானிக்கைப் பார்த்து எரிந்து விழுந்தார். “நீ என்னய்யா வேடிக்கை பாக்கறே? அந்தப் பக்கத்துக் கட்டை முதல்ல அவுரு!”

மெக்கானிக் பையைத் துழாவினார். ஒரு ஸ்பேனரை எடுத்தார், உள்ளே போட்டார். இன்னொன்றை எடுத்தார், கீழே விழுந்தது. குனிந்து தேடினார். “கட்டிங் பிளேயர் யார்டுலயே நின்னுடுச்சு போல சார்.”

“கம்பியை வெட்ட வந்தவன் பிளேயர் இல்லாம வருவியா? அறிவிருக்கா?”

“அவசரத்துல…”

அப்போதுதான் அவள் கவனித்தாள். குனிந்தவரின் பின் பாக்கெட்டிலிருந்து கை துடைக்கும் துணி தொங்கியது. மஞ்சள் துணி. ஒரு ஓரம் கிழிந்திருந்தது.

“அண்ணே.”

அவர் நிமிரவில்லை.

“நீங்களா கட்டுனீங்க?”

அவர் ஸ்பேனரையே தேடிக்கொண்டிருந்தார். அது அவர் காலடியில்தான் கிடந்தது.

“எம் பொண்ணு என்ன படிக்குதுன்னு கேட்டீங்களேண்ணே! அந்தக் கையாலதானே டீயும் வாங்கிக் குடுத்தீங்க? குழாயைக் கட்டிட்டு, மேட்டுக்கு வழியும் சொல்லி அனுப்பறீங்க. என்ன மனுஷன் நீங்க? மேனேஜராவது மூஞ்சிக்கு நேரா அயோக்கியத்தனம் பண்றாரு!”

“ஏய், வார்த்தையை அளந்து பேசு!” என்றார் மேனேஜர்.

“அளந்துதான் சார் பேசறேன். அளக்காம வாயத் தொறந்தா இந்த மலையே தாங்காது!”

மேனேஜர் பொறுமையிழந்தார். தானே குனிந்து, அவள் தோளுக்கு மேல் கையை விட்டு, கம்பியின் நுனியைப் பிடித்துத் திருகினார். அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் அவர் சட்டைக் கையெல்லாம் ஏறியது. கம்பி அரைச் சுற்று தளர்ந்தது. குழாய்க்குள் மெல்லிய சீற்றம் கேட்டது.

“அப்படியே இருங்க. யாரும் அசையக்கூடாது.” சாலைப் பக்கமிருந்து ஒரு குரல்.

கீழே அடிவாரத்திலிருந்து ஏறி வந்த சோதனைச் சாவடி வண்டி சாலையோரம் நின்றிருந்தது. போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஜல்லியில் கால் புதையப் புதைய வந்தார். மேனேஜரின் கை கம்பியிலேயே இருந்தது. இனி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். மடக்கிய குழாயை, கம்பியை, மஞ்சள் துணியை, மேனேஜரின் கையை வரிசையாகப் படம் எடுத்தார். அந்தப் பக்கமும் போய் எடுத்தார். “வண்டி இனி எங்க பொறுப்பு. ரெண்டு பக்கமும் கட்டு இருக்கு. டிரைவர் மேல எதுவும் வராது. வெளிய வாம்மா, பயப்படாத.”

அவள் வெளியே வந்தாள். பயம் இல்லை. ஆனால் ஒன்று உறுத்தியது.

“சார், நான் யாருக்கும் போன் பண்ணல. இங்க யாரும் நிக்கவும் இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தகவல் வந்துச்சும்மா. பின் சக்கரத்துக்கு பிரேக் இல்லாம ஒரு வண்டி எறங்கப் போவுது, நிறுத்துங்கன்னு. கீழ சாவடியில உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தோம். ரொம்ப நேரமா வரலையேன்னு பாக்க மேல ஏறுனோம்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உச்சந்தலைக்கு ஏறியது.

“பிரேக் இல்லாத வண்டியை மலைக்குக் கீழயா சார் நிறுத்துவீங்க? கீழ வந்து சேர்ந்திருந்தா, நீங்க நிறுத்த என்ன சார் மிச்சம் இருந்திருக்கும்?”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். “காலங்காத்தால மேல ஏறணுமா, எப்படியும் கீழதானே வரும்னு…”

“காலங்காத்தாலயா? போன் எப்ப சார் வந்துச்சு?”

“நீ கெளம்பறதுக்கு முன்னாடிம்மா. பேரு சொல்லல, ஆம்பளைக் குரல். பின்னாடி கிளாஸ் கழுவுற சத்தம் கேட்டுது.”

மேனேஜர் மெதுவாகத் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் யாரையும் பார்க்கவில்லை.

“என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். “எங்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட என்னன்னு சொன்னாரு?”

இன்ஸ்பெக்டர் அதைச் சொல்ல விரும்பாதவர் போலச் சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

“‘நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும் சார். அந்தப் பொண்ணுக்கு டீ வாங்கிக் குடுத்து, முடிஞ்ச வரைக்கும் பேச்சுக் குடுத்து நிறுத்தி வைக்கிறேன். அதுக்குள்ள மேல வந்துடுங்க’ன்னு.”

அவள் இரண்டு கிளாஸ் டீ குடித்திருந்தாள்.