கடிவாளம் என்று சொன்னது நான்தான்

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. நல்லூர் பனியன் கம்பெனி ஒன்றின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தபோது நான் சொன்ன சொல். எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முதலாளி கிட்டுசாமியிடம் பேசியதும் அப்படியே இருக்கிறது.

"மிசின்ல உக்காந்தும் புள்ளைக போன்லயே கெடக்குதுங்க. ஒரு கடிவாளம் போடோணுமுங்க."

"நீங்களே போட்டுருங்கக்கா."

போட்டேன். திங்கள் முதல் சனி வரை நாற்பது போன்களும் என் பீரோவுக்குள்.

2

(இங்கே அகராதி மாதிரி ஒரு பத்தி இருந்தது: நாவுக்குக் கடிவாளம், செலவுக்குக் கடிவாளம், ஆசைக்கு... அடித்துவிட்டேன். அவிநாசிபாளையத்தில் குதிரை வைத்திருக்கும் லிங்கசாமியிடம் கேட்டதே போதும்.)

"கண்ணுக்குப் பக்கத்துல கட்டற பட்டைதானுங்களே?"

"அது வேறீங்க. கடிவாளம்னா வாய்க்குள்ள போற இரும்பு. உங்களுக்கு ஒண்ணு மாட்டிப் பாக்கலாமுங்களா?"

சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாக.

3

விஜயராணி தென்காசிப் பக்கத்துப் பெண், ஓவர்லாக் டெய்லர். ஒரு புதன்கிழமை அவள் அம்மா இறந்துபோனாள். சேதி மாலையில்தான் கம்பெனிக்கு வந்தது.

முதல் வரைவு: 'போன் அணைந்திருந்ததால் அவளுக்கு...'

இல்லை. காலையிலேயே பீரோ அதிர்ந்தது. திறந்தேன். அவளுடைய பட்டன் போன். 'அம்மை' என்று காட்டியது. ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று மூடினேன். இன்னொரு முறை அதிர்ந்தது. மாலையில் போனை அவள் கையில் கொடுக்குமுன் அந்த இரண்டு அழைப்புகளையும் அழித்தேன்.

காரியம் முடிந்து வந்தவள் கேட்டாள்.

"அம்மை எனக்கு ரெண்டு தடவ போன் அடிச்சாளாம். எங்க ஐயா சொல்லுதாரு. போன்ல ஒண்ணையும் காணலையே ஆச்சி?"

"வந்திருந்தா இருக்குமே கண்ணு."

"அப்பம் ஐயா பொய்தான் சொல்லுதாரு. அம்மைக்கு முடியலங்கத கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாம வச்சிருந்திருக்காரு."

அன்றிலிருந்து இரண்டு வருடமாக அவள் அப்பாவோடு பேசுவதில்லை.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் உண்மையைச் சொல்ல, அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட மன்னிப்பு, கிழித்தேன். இன்னொன்றில் அப்பா இசக்கிமுத்து இறந்துவிடுகிறார், இனிச் சொல்லிப் பயனில்லை. அதுவும் எனக்கு வசதிதான், கிழித்தேன். அவர் நன்றாக இருக்கிறார், மகள் பேசுவாள் என்று இருக்கிறார்.

இன்று பேனாவை வைத்துவிட்டு அவளை அழைத்தேன்.

"ஆச்சியா? எப்பிடி இருக்கீய? சாப்டாச்சா?"

"ஆச்சு கண்ணு. உங்கிட்ட ஒண்ணு..."

"சொல்லுங்க ஆச்சி."

அடுத்த வரி நான் பேச வேண்டியது. யாராவது எடுத்துக்கொடுங்கள். அவள் இன்னும் லைனில் இருக்கிறாள்.