கோட்டின் அகலமும் அண்ணி அடித்த இரண்டு முடிவுகளும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் அரைகுறை அறிவில். என் அண்ணிக்கு அளவை ஆய்வகம் ஒன்றில் வேலை. இரும்புச் சட்டங்களின் நீளத்தை லேசரால் அளந்து சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். வியாழக்கிழமை மதியம் சாப்பிடும்போது, "லேசரோட லைன் அகலமா இருந்தா அளவு சொதப்பிடும்" என்றார். ஆகா, கதை மாட்டியது என்று கைகூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்தேன்.

சுவரில் விழுந்த சிவப்புக் கோடு அவள் விரலைவிடத் தடிமனாக இருந்தது. அதன் எந்த ஓரத்திலிருந்து அளப்பது என்று தெரியாமல் அவள்

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். என் மானம் போன இடம் இதுதான்.)

2

மூன்று பக்கம் எழுதி அண்ணியிடம் நீட்டினேன். படித்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எந்தக் கோடு தம்பி இது?"

"நீங்கதானே லைன்னு சொன்னீங்க?"

"அடக் கடவுளே! அது சுவத்துல விழற கோடு இல்ல. நிறத்தோட அகலம். லேசர் தன்னை ஒரே நிறம்னு சொல்லிக்கும். உத்துப் பாத்தா பக்கத்து நிறமும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். அந்தக் கலப்படம் எவ்வளவோ, அதுதான் லைன் அகலம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

[விஞ்ஞானம் பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம் என்று எழுதி, அடித்துவிட்டேன். தாண்டாதீர்கள். வில்லங்கமே இங்கேதான்.]

ஒளியை இரண்டாகப் பிரிப்பார்களாம். ஒன்று பக்கத்திலேயே நிற்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். மற்றது அளக்க வேண்டிய தூரம் போய்த் திரும்பும். இரண்டும் சேரும்போது வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் தோன்றும். அந்த வரிகளை எண்ணினால் நீளம் கிடைக்கும்.

"நாம குடும்பத்தோட பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறதை நினைச்சுக்கோ" என்றார் அண்ணி. "வாசல்ல எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கிறோம். தெருமுனை போறதுக்குள்ள உங்கண்ணன் எங்கேயோ முன்னாடி, நான் வீட்டைப் பூட்டிட்டு எங்கேயோ பின்னாடி. அகலமான லேசரும் அப்படித்தான். கிட்டத்துல நிறமெல்லாம் சேர்ந்து நடக்கும். தூரம் கூடக் கூட..."

நிறுத்திவிட்டார். நான் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் அது உத்தி. அண்ணி நிறுத்தினால் ஏதோ விபரீதம்.

"தூரம் கூடினா கால் பின்னிக்கும். வரி மங்கிடும். எண்ணிக்கை தப்பும்" என்று மெதுவாக முடித்தார். "தம்பி, நான் தப்புப் பண்ணிட்டேன்."

3

நடந்தது இதுதான். போன மாதம் ஆய்வகத்துக்குப் புது லேசர் வந்தது. அண்ணி அதை மேசைமேல், அரை மீட்டர் தூரத்தில் வைத்துச் சோதித்தார். அருமையாக இருந்தது. போன வாரம் அதே லேசரால் ஆறு மீட்டர் சட்டம் ஒன்றை அளந்தார். கடைக்கோடியில் வரிகள் மங்கின. தூசி என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்தார், சிக்னலைக் கூட்டிவைத்தார், எண்ணினார், கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சட்டத்தை ஓர் ஆலையில் சனிக்கிழமை இயந்திரத்தில் பூட்டப்போகிறார்கள். அண்ணியைப் பிரிவுத் தலைவராக்கும் கடிதம் திங்கட்கிழமை வரவேண்டும். பதினோரு வருடம் காத்திருந்த பதவி.

வெள்ளி காலை ஆய்வகத்தில் இருந்த வேறோர் ஆறு மீட்டர் சட்டத்தைப் புது லேசரால் பத்துமுறை அளந்தார். பத்து விடை. பழைய லேசரில் பத்துமுறையும் ஏறக்குறைய ஒரே விடை. வித்தியாசம் அரைத் தலைமுடி கனம். எனக்கு அது ஒரு சுக்குமில்லை. இயந்திரத்துக்கு அது மலை.

4

மதியம் வீட்டுக்கு வந்த அண்ணியிடம், எழுதிவைத்திருந்த இரண்டு முடிவுகளைக் காட்டினேன்.

முடிவு அ: அவள் வாயே திறக்கவில்லை. பதவி கிடைத்தது. உறக்கம் போனது.

முடிவு ஆ: அவள் நிமிர்ந்த தலையோடு உண்மையைச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணி இரண்டையும் பென்சிலால் அடித்தார்.

"முதல்ல திருடி ஆக்கிட்டே, அப்புறம் தியாகி ஆக்கிட்டே. நடுவுல ஒருத்தி பயந்துபோய் உக்காந்திருக்காளே, அவளை எழுதத் தெரியலையா உனக்கு?"

(தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.)

"பேசாம விட்டுடுங்க அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்னேன். அவருக்கு அந்தப் பதவி கிடைக்கவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

"யாருக்கா? இதைப் படிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நீதான் ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டியே!"

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் போனை எடுத்தார். ஆலையின் எண்ணை அழுத்தினார்.

5

இதில் என் சரக்கு எதுவுமில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சார், அளவை ஆய்வகத்துல இருந்து பேசறேன். நாளைக்கு அந்தச் சட்டத்தைப் பூட்டாதீங்க. நாங்க கொடுத்த அளவை நம்ப முடியாது. திருப்பி அனுப்புங்க, பழைய லேசர்ல அளந்து தரேன்."

மறுமுனையில் கத்தல். பிறகு எனக்கே கேட்கும்படி ஒரு கேள்வி:

"இதுல கையெழுத்துப் போட்டது யாரும்மா?"

ஆய்வகத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். லேசர் புதுசு என்றிருக்கலாம். நானாக இருந்தால் அரைப் பக்கத்துக்குக் காரணம் அடுக்கியிருப்பேன்.

"நான்தான்" என்றார் அண்ணி.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பதவி கொடுங்கள், பிடுங்குங்கள், உங்கள் இஷ்டம். அந்த ஒரு சொல்லில் மட்டும் கைவைக்காதீர்கள்.