நிற்க வைத்த போத்தல்

ரமணி அந்தச் சம்மதத்தைக் கேட்டபோது கேத்தரின் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்ட பிறகும் கை நிற்கவில்லை. தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகில் கத்திமுனையால் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த இறாலை எடுத்தாள். ஜெலுத்தோங் வீட்டின் பின்பக்கக் குசினியில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ரமணி குரலை உயர்த்தி இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மா, ஒரு எடத்துலருந்து பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. ஷர்வின்னு பேரு. மாக் மண்டின் ஃபேக்டரில வேல. வீட்ல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. நீங்க சொன்னாத்தான் நான் சரின்னு சொல்லுவேன்."

கேத்தரின் தலையாட்டினாள். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், காதில் விழுந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம். ரமணி எப்படி எடுத்துக்கொண்டாளோ, வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வரவேண்டியவள் ரமணி. கேத்தரினுக்கும் ஆரோக்கியநாதனுக்கும் ஒரே மகன் டேரன். அவனும் ரமணியும் பாயான் பாருவில் ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தார்கள். பெண் இந்து, பையன் கத்தோலிக்கன் என்று இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு கோயிலில் ஒரு நாள், சர்ச்சில் ஒரு நாள் என்று பேசி முடித்து, கேத்தரின் தன் கையாலேயே பெண்ணுக்கு நிச்சயச் சங்கிலியும் போட்டாள். அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் டேரன் ஃபுட்சால் ஆடப் போனான். பந்தை அடித்துவிட்டு உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் சாய்ந்தான். விளையாட்டுக் காட்டுகிறான் என்று கூட்டாளிகள் சிரித்துக்கொண்டே நின்றார்களாம். இதயத்தில் பிறவிக் கோளாறு என்று பிறகு டாக்டர் சொன்னார். இருபத்தொன்பது வருடம் பெற்றவளுக்கே தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறது, பாவி.

கேத்தரின் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் மண் போடும்போதும் அழவில்லை. தைரியசாலி என்றார்கள். தைரியமாவது மண்ணாங்கட்டியாவது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். யாரோ ஒரு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போன மாதிரி சத்தமெல்லாம் தூரத்தில் கேட்டது. வாயும் அப்படியே ஆகிவிட்டது. கோப்பி குடித்தால் சுடுதண்ணீர், கார இறால் துவையல் பெலாச்சான் கடித்தால் காகிதம். நாக்கை நீட்டிக் கிளினிக்கில் காட்டினாள், ஒன்றுமில்லை என்று வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? கைப்பழக்கத்தில் சமைத்தாள். நாதன் முன்னெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தண்ணீர் குடிப்பார். இப்போது பெரிய கூஜாவை நிரப்பி மேசை நடுவிலேயே வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். வயதாகிறது, தாகம் எடுக்கிறது போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்த ஒரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் ரமணி புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கடல் பாலம் தாண்டிக் காரோட்டிக்கொண்டு வந்தாள். ஆண்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் சாவு வீட்டில்தான் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். வருவாள், காய் நறுக்குவாள், மூன்று பேருமாகச் சாப்பிடுவார்கள், பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போவாள். போகும்போது முன்னறை ஜெபப் பீடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். அங்கே திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே டேரன் ஃபோட்டோ, ஃபோட்டோவுக்குப் பக்கத்தில் அந்தப் போத்தல், இரண்டுக்கும் நடுவில் இரவும் பகலும் எரியும் ஒரு சிவப்பு பல்பு.

போத்தலின் கதையை நாதன் சொல்லித்தான் கேட்க வேண்டும். கடலோரத்துப் பழைய ஹோட்டல் ஒன்றின் பாரில் ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். டேரன் பிறந்த வருடத்துப் போர்ட் ஒயின் அது. டேரனுக்கு மூன்று வயது நடக்கும்போது ஹோட்டலுக்கு வந்த சரக்கில் ஒரு போத்தலைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, தொட்டில் பிள்ளையைத் தூக்கி வருவது போல வீட்டுக்குக் கொண்டுவந்தார். போர்ச்சுகல் தேசத்து மலைச்சரிவில் விளைந்த கறுப்புத் திராட்சை. கல் தொட்டியில் கொட்டி, ஆளோடு ஆள் தோள் கோத்துக்கொண்டு இறங்கி, முழங்கால் வரைக்கும் சாயம் ஏற மிதிப்பார்களாம். சாறு பொங்கிக் கொதித்துக்கொண்டிருக்கும், உள்ளே இன்னும் பாதி இனிப்பு பாக்கி இருக்கும், அந்த நேரம் பார்த்துத் திராட்சைச் சாராயத்தைக் கொட்டிவிடுவார்கள். கொதிப்பு அப்படியே நின்றுபோகும், மிச்ச இனிப்பு உள்ளேயே தங்கிவிடும். எல்லா வருடச் சரக்குக்கும் இந்த யோகம் கிடையாது. பத்து வருடத்தில் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று வருடம்தான் தேறும். தேறியதை இரண்டு வருடம் பீப்பாயில் வைத்துப் போத்தலில் அடைத்து, இருட்டில் படுக்க வைத்து, இருபது முப்பது வருடம் தூங்கவிட வேண்டும். படுத்திருந்தால்தான் ஒயின் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும், காற்று நுழையாது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்குப் போத்தலின் முதுகில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு தீற்றல்கூட உண்டு.

வருடா வருடம் வீட்டில் ஊறவைக்கும் கிறிஸ்துமஸ் ஒயினுக்காகக் கேத்தரின் ஜாடி கழுவும்போது நாதன் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். கேட்டுக் கேட்டு டேரன் ஒரு தடவை துணி ஊறவைக்கும் பேசினில் திராட்சையைக் கொட்டிக் காலால் மிதித்து, இடுப்பு வரைக்கும் ஊதா நிறத்தோடு வந்து நின்றான். அடி வாங்கினான். "இதத் தொறந்தா அன்னைக்கே முடிச்சிடணும்லா, மறுநாள் வரைக்கும் தாங்காது. அதனாலதான் கல்யாணத்தன்னைக்கு, வீடு நெறைய ஆள் இருக்கையில தொறக்கணும்" என்று நாதன் கதையை முடிப்பார். போத்தல் மாடிப்படிக்குக் கீழே, பழைய சாக்கு ஒன்றின் மேல், வெள்ளைத் தீற்றல் மேலே தெரியப் படுத்துக் கிடந்தது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேத்தரின் நேராக அந்த மாடிப்படிக்குக் கீழேதான் போனாள். போத்தலை எடுத்துத் துடைத்துப் பீடத்தில் டேரன் ஃபோட்டோவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். நாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவன்தான் படுத்துட்டான். இதாச்சும் நிக்கட்டும்" என்றாள்.  அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் பீடத்துக்கு முன்னால் சிலுவை போடும்போது கண் போத்தலுக்குப் போய்விட்டுத் திரும்புவதை அவள் பார்த்திருக்கிறாள். மகனை நினைக்கிறார் என்று விட்டுவிட்டாள்.

அடுப்பில் மிளகாய் விழுது போட்ட இறால் சம்பால் கொதித்தது. கேத்தரின் உப்பு டப்பாவில் கையை விட்டு அள்ளிப் போட்டாள். ரமணி அந்தக் கையைப் பார்த்துவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

சரி என்று சொல்லிவிட்டால் டேரனுக்குக் கல்யாணம் இல்லை என்று ஆகிவிடும். இதைவிடப் பைத்தியக்காரத்தனமான கணக்கு உலகத்தில் உண்டா? செத்தவனுக்கு ஏது கல்யாணம்? ஆனால் கேத்தரினுக்குள் அந்தக் கணக்கு அப்படித்தான் இருந்தது. இந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிற வரைக்கும், அந்தப் போத்தல் திறக்காமல் நிற்கிற வரைக்கும், ஏதோ ஒன்று தள்ளிப்போயிருக்கிறது, முடியவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரமணி கேட்டுக்கொள்வாள். தலை நரைக்கும் வரைக்கும் பாலம் தாண்டி வந்துகொண்டிருப்பாள். அதுவும் கேத்தரினுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் பெருமையும் வரவில்லை, பாவமும் வரவில்லை. ரமணியின் கழுத்தைப் பார்த்தாள். தான் போட்ட சங்கிலி வியர்வையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. முகம் இளைத்திருந்தது. இது எப்போது இப்படி ஆனது?

அடுப்பை அணைத்தாள். சோறும் சம்பாலும் தட்டுகளும் மேசைக்குப் போயின. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பீடத்திலிருந்து போத்தலை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"என்னங்க, இதத் தொறங்க."

நாதன் படித்துக்கொண்டிருந்த பேப்பரை இறக்கினார். முகம் வெளுத்துப்போயிற்று. இன்றைக்கு வேண்டாமே, கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாமே, ரமணி காரோட்டிக்கொண்டு போக வேண்டுமே என்று என்னென்னவோ சொன்னார். ரமணி இன்றைக்கு இங்கேயே தங்கட்டும் என்றாள் கேத்தரின். மேலும் ஏதோ சொல்லப் பார்த்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, எழுந்து போய்த் தக்கைத் திருகியைத் தேடி எடுத்து வந்தார்.

தக்கை வரவில்லை. காய்ந்த ரொட்டியாட்டம் நொறுங்கிப் பாதி உள்ளே விழுந்தது. வடிகட்டத் துணி வேண்டும் என்றார். கேத்தரின் அலமாரியிலிருந்து தன் கிறிஸ்துமஸ் ஒயின் வடிகட்டும் துணியை எடுத்துக் கொடுத்தாள். எத்தனையோ வருடத்துச் சாயம் ரோஜா நிறமாக அதில் ஊறியிருந்தது, துக்கத்தில் ஒயின் போடாத போன வருடத்துச் சாயம் மட்டும் கிடையாது. நாதன் அதைக் கண்ணாடி ஜாடி வாயில் விரித்துக் கட்டினார். பாரில் செய்த பழக்கம், ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிப் போத்தல் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மண்டி வருகிறதா என்று பார்த்தபடி ஒரே சாய்ப்பாகச் சாய்த்தார். வேலை பழகிய கை. ஆனால் உள்ளே இறங்கியது அவர் கதையில் வரும் ரத்தச் சிவப்பாக இல்லை. கடையில் கொடுக்கும் பால் சேர்க்காத தே ஓ நிறத்தில் இருந்தது.

மூன்று கிளாசில் ஊற்றினார். அவர் முதலில் குடித்தார். கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

ரமணியும் ஒரு வாய் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. "நல்லாருக்குப்பா," என்றாள்.

கேத்தரின் குடித்தாள். தண்ணீர். எப்போதும் போலத் தண்ணீர்தான். ஆனால் அந்த இரண்டு முகங்களையும் அவள் பார்த்துக்கொண்டே குடித்தாள். நல்ல ஒயின் குடித்தவர்கள் முகம் இப்படியா இருக்கும்? இன்னொரு வாய், இந்தத் தடவை பெரிதாக, வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில், சுருக்கென்று இழுத்தது. நாக்கின் ஓரம் கூசியது. என்ன இது என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"புளிக்குதுங்க."

 மெழுகுவர்த்தியை நாதன் ஊதி அணைத்தார்.

"காடியாப் போச்சு, கேத்தி," என்றார்.

"எப்பலருந்து தெரியும்?"

"நீ கொண்டுபோயி நிக்க வச்ச அன்னைக்கே தெரியும். தக்கை காய்ஞ்சிடும். அதுலயும் பல்பு சூடு வேற."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்லுவேன்? திரும்பப் படுக்க வைன்னா?"

கேத்தரினுக்குக் கோபம் வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு உள்ளே ஏதோ ஒன்று சூடாக ஏறி வந்தது, அதுவும் பாவம் இந்த மனுஷன் மேல். அந்தக் கோபத்தோடேயே தட்டை இழுத்துச் சோற்றைப் போட்டு, சம்பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். வைத்தவள் மெல்லாமல் அப்படியே உட்கார்ந்தாள். உப்பு. கடல் தண்ணீரை அள்ளிக் குடித்தது போல உப்பு. மேசை நடுவிலிருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தாள். நாதனைப் பார்த்தாள். அவர் கூஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவளத்தை எப்படியோ விழுங்கினாள்.

"ரமணி. வாராவாரம் நீ வந்து இதத்தான் தின்னியா?"

ரமணி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, தோள் மட்டும் ஆடியது. "மொத ரெண்டு மாசந்தான் கஷ்டமா இருந்துச்சும்மா. அப்புறம் பழகிடுச்சு."

பழகிவிட்டதாம். பெற்ற பெண்கூட ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பாள். இவள் ஒரு வருடமாக வாயைத் திறக்காமல் தின்றிருக்கிறாள். கேத்தரின் ரமணிக்கு முன்னால் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 

"போதும்மா," என்றாள். "நீ சரின்னு சொல்லிடு."

ரமணி நிமிர்ந்தாள்.

"இனிமே ஞாயித்துக்கெழம வராத. அந்தத் தம்பியக் கூட்டிக்கிட்டு வேற ஒரு நாளைக்கு வா. உப்பு பார்த்துப் போடறேன்."

சங்கிலியைக் கழற்ற ரமணியின் கை கழுத்துக்குப் போனது. கிடக்கட்டும் என்று கேத்தரின் கையை ஆட்டினாள். நாதன் எழுந்து ஜாடியைத் தூக்கினார். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறேன் என்றார். கேத்தரின் தன் கிளாசை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தொறந்தா அன்னைக்கே முடிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? ஊத்துங்க."

ஊற்றினார். மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே, யாரும் நல்லாருக்கு என்று சொல்லாமல், சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார்கள். வெளியே ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு போனான். நாதன் காலிப் போத்தலைப் பழக்கத்தில் மேசைமேல் படுக்க வைத்திருந்தார், வெள்ளைத் தீற்றல் மேலே தெரிய.

கேத்தரினுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து முன்னறைப் பீடம் தெரிந்தது. வெள்ளை விரிப்பு பல்பின் சூட்டில் ஒரு வருடமாகப் பழுப்பேறிக் கிடந்தது. டேரன் ஃபோட்டோவுக்குப் பக்கத்தில், போத்தல் நின்ற இடம் மட்டும், புதுத் துணி போல வட்டமாக வெள்ளையாக இருந்தது.