பன்னிரண்டு நொடிக் கதவு

கருவிக்கூடத்துக் கண்ணாடிக் கதவு மாலையில் பூனை மாதிரி மூடியது. மறுநாள் காலையில் புலி மாதிரி பாய்ந்தது. இரவில் யாரும் புழங்காத கதவுக்கு எப்படிக் குணம் மாறும்? கல்லூரி வளாகத்தின் பராமரிப்புப் பிரிவில் பூட்டு, கதவு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகும் திருப்புளிக்கு இது மட்டும் பிடிபடவே இல்லை.

திருப்புளி என்பது கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பேர். சக்கர நாற்காலியை விட்டு இறங்காமல் தரையிலுள்ள திருகைத் திருப்புவதற்காக, ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் திருப்புளி முனையைப் பற்றவைத்திருந்தாள். நாற்காலியின் பக்கவாட்டில் அது வாள் மாதிரித் தொங்கும். மற்றவர்கள் முட்டி மடக்கி, முனகி, உட்கார்ந்து செய்கிற வேலையை அவள் நிமிர்ந்தபடியே செய்துவிடுவாள்.

இந்த வகைக் கதவை மூடுவது, அதன் காலடியில் தரைக்குள் புதைந்திருக்கும் ஓர் இரும்புப் பெட்டி. கதவைத் திறந்தால் பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங் இறுகும். கையை விட்டதும் அது விரியப் பார்க்கும். ஆனால் பெட்டி நிறைய எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாக மறுபக்கம் போனால்தான் ஸ்பிரிங் விரிய முடியும். துளையின் வாயில் ஒரு திருகு. அதை இறுக்கினால் துளை ஒடுங்கி, எண்ணெய் கசிந்து கசிந்து போகும். கதவு மெதுவாக மூடும். தளர்த்தினால் எண்ணெய் குபுகுபுவென்று பாயும், கதவு அறையும்.

பகலில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பதால், மாலை ஐந்து மணிக்கு மேல்தான் பெட்டியின் மூடியைத் திறக்க முடியும். தினமும் மாலையில் அவள் இறுக்கிவிட்டுப் போனாள். தினமும் காலையில் கதவு அவள் முதுகில் ஒன்று வைத்து உள்ளே அனுப்பியது.

"தங்கச்சி, நில்லு நில்லு! நான் புடிக்கிறேன்!" என்று குழாய்க்காரர் தொப்பை குலுங்க ஓடிவருவார்.

"அண்ணே, புடிக்காதீங்க. மேனேஜர் பாக்குறாரு."

"பாக்கட்டுமே. நல்லது பண்றத நாலு பேரு பாக்கட்டும்."

மேலாளர் பார்த்தார். கையிலிருந்த அவளுடைய மூன்று மாத வேலை மதிப்பீட்டுப் படிவத்தில் 'பிறர் உதவி தேவைப்பட்டது' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

"சார், கேக்காமலே அவரு புடிச்சதுக்கு எனக்கு எதுக்கு சார் கோடு?"

"அவருக்குன்னு படிவத்துல கட்டம் இல்லையேம்மா. நான் என்ன பண்றது? வெள்ளிக்கிழமை இதைக் குடுத்தாகணும். கோடு இருபது ஆச்சுன்னா உன்னைப் புகார் போன் பக்கத்துல உக்காரவைக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு."

மறுபடியும் புகார் போனா! இதற்கு முன் ஆறு வருடம் இன்னோர் அலுவலகத்தில் புகார் போன்தான் எடுத்தாள். எங்கே எது பழுது என்று எழுதி வைப்பாள். போய்ச் சரிசெய்கிற சுகம் வேறு யாருக்கோ. கதவைத் திறந்து குடலைப் பார்க்கும் வேலைக்காகத்தான் இங்கே வந்தாள். புதன்கிழமையே கோடு பதினேழு.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவள் தங்கையிடம் கேட்டாள்: "உன் சிவப்பு நகப்பூச்சு கொஞ்சம் குடுடி."

"யாருக்குக்கா இந்த அலங்காரம்?"

"ஒரு திருகுக்கு."

"ஆளு எப்படி, நல்ல உசரமா?"

"அரை அங்குலம். வாய மூடிட்டுக் குடு."

மாலையில் திருகை இறுக்கி, திருகின் தலையிலிருந்து பெட்டி வரைக்கும் கம்பி நுனியால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். வியாழன் காலையில் கதவு வழக்கம்போல முதுகில் வைத்தது. மாலையில் மூடியைத் திறந்து பார்த்தாள். திருகின் மேலிருந்த பாதிக் கோடு இடப்பக்கமாக முக்கால் சுற்றுப் போயிருந்தது. ஆக, பேயுமில்லை பிசாசுமில்லை. கை. மறுபடி இறுக்கிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை. கோடு பத்தொன்பது. காவலாளி கூடத்தைத் திறக்கும் ஆறு மணிக்கே வந்து, பெயின்ட் டப்பா அலமாரிக்குப் பின்னால் நாற்காலியைச் செருகிக்கொண்டாள்.

முதலில் குழாய்க்காரர் வந்தார். "அப்பாடா, அம்மாடா" என்று உட்கார்ந்தார். மூடியைத் திறந்து கால் சுற்றுத் தளர்த்தினார். "இன்னும் கொஞ்சம் லேசா இருக்கட்டும். பாவம் புள்ள" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அடுத்து எலெக்ட்ரீஷியன். பிறவியிலேயே காது கேட்காதவன்; கையால்தான் பேசுவான். அக்கம்பக்கம் பார்த்து, சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுப் போனான்.

மூன்றாவது ஆள் சாவிக்கொத்திலிருந்த குட்டித் திருப்புளியோடு வந்தபோது அவள் டப்பா இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். மேலாளர்! அவரும் கால் சுற்று. சரியாக முக்கால். கதவைத் திறந்து சோதித்தார். படாரென்று மூடிய கதவு அவர் கழுத்து டையின் நுனியைக் கவ்விக்கொண்டது.

"குட் மார்னிங் சார். உதவி வேணுமா?"

குனிந்த வாக்கில் அவர் விழித்தார். "நீயா! கதவு கனமா இருக்கேன்னு உனக்காகத்தாம்மா தினமும் லூஸ் பண்ணேன். தொறந்து விடும்மா."

"தொறக்கிறேன் சார். இதுக்குக் கோடு போட உங்களுக்குக் கட்டம் இருக்கா?"

சத்தம் கேட்டுக் குழாய்க்காரர் டீ டம்ளரோடு ஓடிவந்தார். அவர் ஓடுவதைப் பார்த்து எலெக்ட்ரீஷியனும் வந்தான். கதவைத் தள்ளி டையை விடுவித்துவிட்டு, கையாலும் காட்டிக்கொண்டே திருப்புளி கேட்டாள்:

"அண்ணே, முப்பது வருஷமா குழாய் வேலை பாக்குறீங்க. திருகைத் தொறந்து விட்டா தண்ணி வேகமா வருமா, மெதுவா வருமா?"

"வேகமா."

"இதுக்குள்ள இருக்கறது எண்ணெய்."

குழாய்க்காரர் திருகைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார், டீ சட்டையில் கொட்டியது. எலெக்ட்ரீஷியன் அவரைச் சுட்டிக்காட்டி, காற்றில் ஒரு குழாயைத் திறந்து காட்டி, தோள் குலுங்கச் சிரித்தான். பிறகு தன் பையிலும் டெஸ்டர் இருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டான்.

மேலாளர் படிவத்தை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கையாலேயே புதிதாக ஒரு கட்டம் வரைந்து, 'பிறர் உதவியால் ஏற்பட்ட தொல்லை' என்று எழுதினார். பத்தொன்பது கோட்டையும் அதில் போட்டார். பழைய கட்டத்தில் பூஜ்யம். கீழே 'பூட்டு, கதவு வேலையில் நிரந்தரம் செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்தத் திருகு இப்போது முழுக்க இறுக்கி, அங்கிருந்து அரைக்கால் சுற்று மட்டும் தளர்த்தி நிற்கிறது. மேல்மூடியில் முக்கோணத் தலைத் திருகாணிகள். அதற்கான சாவி திருப்புளியிடம் மட்டும். கதவு மூடப் பன்னிரண்டு நொடி ஆகிறது. நாற்காலி உள்ளே போக ஏழு நொடி போதும்.